கடைசி வரிசையின் கண்

நுழையும்முன்

நிகழ்கலை யாவற்றிலும் இருவர் உளர்: ஆடுவோர் ஒருவர், காண்போர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே ஒரு தொலைவு எப்போதும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்தவர்க்கு நடிகரின் கண்ணீர் தெரிகிறது. கடைசி வரிசையில் இருப்பவர்க்கு அவர் நிற்பது மட்டுமே தெரிகிறது. இத்தொலைவைக் கடக்க மேலைநாட்டு இசை நாடக அரங்குகள் சிறு கண்ணாடிக் கருவியை வாடகைக்குத் தந்தன. தமிழகத்தின் தெருக்கூத்தோ வேறொரு வழியை மேற்கொண்டது. அவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு ஆராய்கிறது இப்பாடம்.

தொலைவு என்னும் சிக்கல்

மனிதக் கண்ணின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கினைக் 'கலை' என்பர். நல்ல பார்வையுடைய கண், ஏறத்தாழ ஒரு கலை அளவிலான கோண இடைவெளியைப் பிரித்தறிய வல்லது. அதனினும் நுண்ணியவை ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். அரங்கிலிருந்து 30 மீட்டர் தொலைவில் ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கலை என்பது அத்தொலைவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளத்திற்குச் சமம். அதாவது, 9 மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவு எதுவும் அவருக்குத் தெளிவாகப் புலப்படாது. புருவம் நெரிதல், உதடு துடித்தல், விழியோரம் நீர் திரளுதல் ஆகிய யாவும் இவ்வளவினும் சிறியவை. நடிப்பின் உயிர்நிலையாகிய மெய்ப்பாடு கடைசி வரிசையைச் சென்றடையாமல் இடையிலேயே கரைந்துபோகிறது.

முன்வரிசையில் இருப்பவரும் கடைசி வரிசையில் இருப்பவரும் ஒரே நாடகத்தைத்தான் காண்கின்றனர். ஆயினும், அவர்கள் பெறும் அனுபவம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டைக் குறைப்பது யார் பொறுப்பு என்பது அரங்கக்கலை தோன்றிய நாள்முதல் தொடரும் வினாவாகும்.

முன்னோர் வகுத்த அளவு

இவ்வினாவுக்குப் பண்டையோர் கண்ட முதல் விடை, அரங்கைச் சிறிதாக அமைத்தல் ஆகும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் துல்லியமாக எடுத்துரைக்கிறது. இருபத்து நான்கு விரல் அளவுடைய கோலால் அளந்து, எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்பட்டது. ஒரு விரலை 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால் ஒரு கோல் ஏறத்தாழ அரை மீட்டராகும். எனவே, அரங்கின் நீளம் நான்கு மீட்டரை ஒட்டியதாகவே இருந்திருக்கும். ஒருவர் ஆட, அருகிருந்து சிலர் காண்பதற்கு ஏற்ற அளவு அது.

அக்காதை அளவோடு நின்றுவிடவில்லை. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்ட செய்தியையும் கூறுகிறது. நிழல் விழுந்தால் காண்போர்க்கு ஆடுவோரின் முகம் மறையும் என்னும் அக்கறையை அதில் உணரலாம். அரங்கை அமைத்த சிற்பி, ஆடுபவரின் இடத்தில் மட்டுமன்றிக் காண்பவரின் இடத்திலும் நின்று சிந்தித்திருக்கிறார்.

வடமொழியில் பரதர் இயற்றிய நாட்டிய சாத்திரமும் இதனையே வலியுறுத்துகிறது. மனிதர்க்குரிய நாடக அரங்கம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்டு அமைதல் வேண்டும் என்பது அதன் விதி. அதனினும் பெரிதானால் பேச்சு தெளிவாகக் கேளாது. முகத்தின் மெய்ப்பாடுகள் புலப்படா என்று அந்நூல் காரணமும் காட்டுகிறது. அரங்கின் பரப்பை முடிவுசெய்தது கட்டடக் கலை மட்டுமன்று. கடைசியில் அமர்ந்திருப்பவரின் கண்ணும் செவியுமே ஆகும்.

பேரரங்குகளும் கண்ணாடியும்

மக்கள்தொகை பெருகி, நகரங்கள் வளர்ந்தபோது சிற்றரங்குகள் போதவில்லை. ஐரோப்பாவில் 'ஓபரா' எனப்படும் இசை நாடகம் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. வசனம் முழுவதையும் பாடலாகவே நிகழ்த்தும் நாடக வகை அது. அதற்கெனப் பேரரங்குகள் எழுந்தன. இத்தாலியின் மிலான் நகரில் 1778ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லா ஸ்காலா அரங்கில், பார்வையாளர் மாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகளாக உயர்ந்து நிற்கின்றன. மேலடுக்கில் இருப்பவர்க்குக் கீழே பாடும் கலைஞரின் முகம் ஒரு புள்ளியாகவே தோன்றும்.

இந்நிலையில் அறிவியல் கைகொடுத்தது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்னும் கண்ணாடி வினைஞர், 1608ஆம் ஆண்டு தொலைநோக்கிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். இரு கண்களாலும் நோக்கும் வகையில் அதனைச் செய்து தருமாறு அந்நாட்டு ஆட்சிமன்றம் அவரைக் கேட்டுக்கொண்டது. மறு ஆண்டே கலீலியோ தாமே ஒரு தொலைநோக்கியை உருவாக்கி வானை நோக்கித் திருப்பினார். வானை நோக்கிய அக்கருவியின் சிற்றுருவமே பின்னாளில் நாடக மேடையை நோக்கித் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரட்டைக் குழல்களை இணைத்த நாடகக் கண்ணாடிகள் ஐரோப்பிய நகரங்களில் பரவின. இதனை 'ஓபரா கண்ணாடி' என்று வழங்கினர்.

இக்கருவியின் அமைப்பு மிக எளியது. முன்புறம் ஒரு குவிவில்லை. கண்ணருகே ஒரு குழிவில்லை. முன்வில்லை ஒளிக்கதிர்களைக் குவிக்க முற்படும். அவை குவிவதற்கு முன்பே குழிவில்லை அவற்றைத் தடுத்து விரிக்கும். இதனால் பிம்பம் தலைகீழாகாமல் நேராகவும் பெரிதாகவும் தோன்றும். முன்வில்லையின் குவியத் தொலைவைக் குழிவில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். முன்வில்லையின் குவியத் தொலைவு 12 சென்டிமீட்டர், குழிவில்லையின் குவியத் தொலைவு 4 சென்டிமீட்டர் எனில், உருப்பெருக்கம் மூன்று மடங்கு. குழலின் நீளமோ 8 சென்டிமீட்டர் மட்டுமே. உள்ளங்கையில் அடங்கும் கருவியால் 30 மீட்டர் தொலைவில் உள்ள முகம் 10 மீட்டர் அருகில் வந்ததுபோல் தெரியும். காணவியலாத 9 மில்லிமீட்டர் எல்லை 3 மில்லிமீட்டராகச் சுருங்கும். துடிக்கும் உதடு புலப்படத் தொடங்கும்.

பத்து மடங்கு பெருக்கும் கருவியை ஏன் பயன்படுத்தவில்லை என்னும் ஐயம் எழலாம். உருப்பெருக்கம் மிகுந்தால் கைநடுக்கமும் அவ்வளவுக்குப் பெருகித் தெரியும், காட்சி நிலைகொள்ளாது. காணும் பரப்பும் சுருங்கும். இரண்டரை, மூன்று மடங்கு என்பது, நெடுநேரம் கையில் ஏந்திக் காண்பதற்குப் பொருத்தமான அளவாக அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

மும்பையில் உள்ள இராயல் ஓபரா ஹவுஸ், 1911ஆம் ஆண்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜால் தொடங்கி வைக்கப்பட்டது. பிற்காலத்தில் திரையரங்காகவும் விளங்கிய அது, 1993ஆம் ஆண்டு மூடப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியாவில் எஞ்சியுள்ள ஒரே ஓபரா அரங்கம் இதுவேயாகும்.

வாடகைக்கு ஒரு பார்வை

தொடக்கத்தில் இக்கண்ணாடி செல்வர்களின் அணிகலனாகவே இருந்தது. தந்தத்தாலும் முத்துச்சிப்பியாலும் அழகுசெய்த கண்ணாடிகளை உயர்குடிப் பெண்கள் கைகளில் ஏந்தினர். மேடையைக் காண்பதற்கு மட்டுமன்றி, எதிர் மாடத்தில் யார் வந்துள்ளார் எனக் காண்பதற்கும் அவை பயன்பட்டன. அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1878ஆம் ஆண்டு தீட்டிய ஓர் ஓவியம் இதற்குச் சான்று பகரும். அதில் கருநிற ஆடையணிந்த பெண் ஒருவர் கண்ணாடி வழியே அரங்கை உற்று நோக்குகிறார். தொலைவில் உள்ள மாடத்திலிருந்து ஓர் ஆடவர் தம் கண்ணாடியால் அப்பெண்ணையே நோக்குகிறார்.

இங்கு ஒரு முரண் உள்ளது. கண்ணாடி வாங்கும் வசதி படைத்தோர் அரங்கிற்கு அருகிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. குறைந்த கட்டணம் செலுத்தி மேலடுக்கில் அமர்ந்தோர்க்கே அது இன்றியமையாதது. அவர்களிடமோ கண்ணாடி இல்லை. இவ்விடைவெளியை நிரப்பியதே வாடகை முறை.

இம்முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இலண்டன் நாடக அரங்குகள் பலவற்றில், ஒவ்வோர் இருக்கையின் முதுகிலும் சிறு தாங்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் அமர்ந்திருப்பவர் அதன் துளையில் நாணயத்தை இட்டால் பூட்டு விடுபட்டுக் கண்ணாடி கைக்கு வரும். நாடகம் முடிந்ததும் அதனை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். இதில் மேற்பார்வையாளர் எவரும் இல்லை. இயந்திரமும் நம்பிக்கையுமே உண்டு.

உருசிய அரங்குகளில் இவ்வழக்கம் குளிரோடு தொடர்புடையது. பனிக்காலத்தில் தடித்த மேலங்கியோடு வருவோர், அவற்றை நுழைவாயில் அருகிலுள்ள உடைகாப்பு அறையில் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். அவ்வறையிலேயே கண்ணாடியும் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியைத் திருப்பித் தருவோர்க்கு வரிசையில் நில்லாமலேயே மேலங்கியைப் பெற்றுக்கொள்ளும் சலுகை பல அரங்குகளில் உண்டு. ஆகவே, முன்வரிசையில் அமர்ந்தோரும் கண்ணாடியை வாடகைக்குப் பெறுவதுண்டு. தொலைவைச் சுருக்கப் பிறந்த கருவி, அங்கே காத்திருப்பையும் சுருக்குகிறது.

சப்பானில் பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் தகரசுகா இசை நாடக அரங்கில், முன்பணம் பெற்றுக்கொண்டு கண்ணாடி தருகின்றனர். திருப்பித் தரும்போது வாடகை போக எஞ்சிய தொகை கிடைத்துவிடும். தோக்கியோவின் கபுகி அரங்கிலோ காட்சிக்கு விளக்கம் கூறும் செவிக்கருவியும் வாடகைக்கு உண்டு. பழைய சப்பானிய மொழிநடை இன்றைய இளைஞர்க்கும் அயல்நாட்டார்க்கும் எளிதில் விளங்காது என்பதே அதற்குக் காரணம். காண்போர்க்கும் கலைக்கும் இடையே உள்ள தொலைவு மீட்டரில் மட்டும் அளக்கப்படுவதன்று. மொழியும் ஒரு தொலைவே என்பதை இது உணர்த்துகிறது.

நாணயமோ முன்பணமோ, முறை எதுவாயினும் இவற்றுள் ஒரு பொதுமை உண்டு. தொலைவைக் கடப்பதற்கான செலவைக் காண்பவரே ஏற்கிறார். அருகில் அமரப் பணமில்லாதவர், தெளிவாகக் காண மீண்டும் ஒருமுறை பணம் செலுத்துகிறார்.

எல்லையோரக் கூத்துக்களம்

இனி, தமிழகத்தின் வடமேற்கு எல்லைக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் தளி. அதன் குளிர்ந்த தட்பவெப்பத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தனர். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் இப்பகுதியின் சந்தைகளில் கலந்து ஒலிக்கின்றன. ஓசூரின் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் பணிக்குச் செல்வோர் மிகுதி. இத்தகைய எல்லைப்புறத்தில் ஓபரா அரங்கம் இல்லை. வாடகைக் கண்ணாடியும் இல்லை. ஆயினும், ஓர் ஊரே கூடியிருந்து விடிய விடியக் காணும் இசை நாடகம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உண்டு. அதுவே தெருக்கூத்து.

திரௌபதியம்மன் கோவில் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் பாரதக் கூத்தும் நடைபெறும். கோவில் முன்றிலோ ஊர்ப் பொதுத்திடலோ களமாகும். மூன்று புறமும் மக்கள் தரையில் அமர்வர். சிறுவர் முன்னே, பெரியோர் பின்னே, அவர்க்கும் பின்னே நிற்போர், வண்டியின்மேல் ஏறி நிற்போர் எனக் கூட்டம் விரியும். கட்டணம் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. கடைசியில் நிற்பவர்க்கும் களத்துக்கும் இடையே உள்ள தொலைவு, ஓர் ஓபரா அரங்கின் தொலைவுக்குச் சற்றும் குறைந்ததன்று. அக்காலத்தில் தீவட்டியும், பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் தந்த ஒளியிலேயே கூத்து நிகழ்ந்தது. அந்த மங்கிய ஒளியில், அந்தத் தொலைவில், கண்ணாடி எதுவும் இல்லாத மக்களுக்குத் துரியோதனனின் சினமும் திரௌபதியின் துயரமும் எவ்வாறு புலப்பட்டன?

உருவைப் பெருக்கும் ஒப்பனை

விடை கூத்தரின் உடலிலேயே உள்ளது. காண்பவரின் கண்ணருகே வில்லையை வைப்பதற்கு மாறாக, கூத்து ஆடுபவரின் உருவத்தையே பெரிதாக்கியது.

அரசன் வேடம் புனைபவரின் தலையில் உயர்ந்த கிரீடம் அமரும். தோள்களில் புஜக்கட்டைகள் இறக்கைபோல் விரியும். மார்பில் பதக்கம், செவியருகே காதுக்கட்டை, இடையில் விரிந்து நிற்கும் பாவாடை எனக் கலைஞரின் உருவம் உயரத்திலும் அகலத்திலும் பெருகும். கட்டை எனப்படும் இவ்வணிகள் மரத்தால் செய்யப்பட்டவை. அவற்றின்மீது வண்ணத்தாள்களும் சிறுசிறு கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கும். கூத்தர் சற்றே தோளை அசைத்தாலும் அக்கண்ணாடிகள் விளக்கொளியை நாற்புறமும் சிதறடிக்கும். ஓபராவில் கண்ணாடி காண்பவரின் கையில் இருக்கிறது. கூத்தில் அது ஆடுபவரின் தோளில் இருக்கிறது. முன்னது ஒளியைத் தன்னுள் வாங்குவது. பின்னது ஒளியைப் பிறர்க்கு அனுப்புவது.

முகத்தில் அரிதாரம் பூசி, புருவமும் மீசையும் கருமையால் தடித்து எழுதப்படும். சிறிய அசைவு தொலைவில் தெரியாது. தடித்த கோடு தெரியும். துடிக்கும் புருவம் 9 மில்லிமீட்டர் எல்லைக்குள் மறைந்துவிடும் எனில், புருவத்தையே விரற்கடை அகலத்திற்கு எழுதுவது அதற்கான மாற்று. வேடத்தின் இயல்புக்கேற்ப முகவண்ணம் வேறுபடுவதால், களத்தில் நுழைபவர் எத்தகையவர் என்பதை வாய் திறப்பதற்கு முன்பே கடைசியில் நிற்பவர் அறிந்துகொள்வார்.

அசைவுகளும் அவ்வாறே பெருக்கப்பட்டவை. இருவர் ஒரு திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னிருந்து பாடியவாறு வேடதாரி ஆடுவார். முழு உருவம் தெரிவதற்கு முன்பே கூட்டத்தின் கண்கள் யாவும் அவ்விடத்தில் குவியும். பின்னர்த் திரை விலக, அவர் களத்தை வலம்வந்து மூன்று புறத்தார்க்கும் முகம் காட்டுவார். சினமோ வீரமோ பொங்கும் இடத்தில் 'கிறிக்கி' எனப்படும் சுழற்சி இடம்பெறும். பாவாடை குடைபோல் விரியக் கூத்தர் விரைந்து சுழல்வார். முகத்தில் தோன்றவேண்டிய சினம் முழு உடலின் சுழற்சியாக மாறிக் கூட்டத்தின் கடைக்கோடியை எட்டும்.

இப்பெருக்கத்தின் உச்சத்தைப் பதினெட்டாம் போரைக் குறிக்கும் படுகள நாளில் காணலாம். வீழ்ந்துகிடக்கும் துரியோதனனின் உருவத்தை ஊர்த்திடலில் மண்ணால் அமைப்பர். திடலை அடைத்துக் கிடக்கும் அவ்வுருவத்தைச் சுற்றிப் பகல் வெளிச்சத்தில் கூத்து நிகழும். அதனைக் காண எவர்க்கும் எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

செவியின் தொலைவு

கண்ணைப் போலவே செவிக்கும் தொலைவு உண்டு. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கூத்தர் உச்சக் குரலில் பாடினர். மத்தளமும் தாளமும் உடன் ஒலிக்க, முகவீணையின் கூர்மையான நாதம் திடலுக்கு அப்பாலும் சென்று கேட்டது. உறக்கத்தில் இருந்தோரையும் அது கூத்துக்கு அழைத்தது. கூத்தர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். முதன்முறை கேளாதவர்க்கு இரண்டாம் முறை கேட்கும். பாடல் முடிந்ததும் அதன் பொருளை வசனமாகவும் கூறுவர்.

இவற்றோடு கட்டியங்காரன் என்னும் பாத்திரமும் உண்டு. அவன் அரசனிடம் பேசுவான். உடனே மக்களிடமும் பேசுவான். 'வந்திருப்பவர் யார், எதற்காக வந்தார்' என்று வேடதாரியை வினவி, கதையை அன்றாடப் பேச்சு வழக்கில் விளக்குவான். தோக்கியோவில் செவிக்கருவி செய்யும் பணியைக் கூத்தில் கட்டியங்காரன் செய்கிறான். மும்மொழி புழங்கும் எல்லைப்புறத்தில் இதன் அருமை நன்கு விளங்கும். கன்னட வழக்கில் மூடலபாய யட்சகானமும் தெலுங்கு வழக்கில் வீதி நாடகமும் தெருக்கூத்துக்கு உறவுடைய கலைகள். உயர்ந்த கிரீடத்தையும் விரிந்த தோளணியையும் கண்டு பழகியவர்க்கு, மொழி சற்று அயன்மை உடையதாயினும் கதை அயன்மை உடையதாவதில்லை.

செலவை ஏற்பவர் யார்?

இரு வழிகளும் ஒரே சிக்கலுக்கு உரிய விடைகளே. ஆயினும், அவற்றின் பொறுப்பு வேறுவேறிடத்தில் உள்ளது. ஓபரா கண்ணாடி தனியொருவர்க்கு உரியது. அதனைக் கண்ணில் வைத்தவர் ஒரு முகத்தை மிக அருகில் காண்கிறார். அவ்வேளையில் மேடையின் பிற பகுதிகள் அவர் பார்வையிலிருந்து விலகுகின்றன. அருகிருப்பவரும் மறைகிறார். மெல்லிய நடிப்பையும் நுண்ணிய முகபாவத்தையும் காக்க அது உதவுகிறது. கலைஞர் தம் இயல்பான அளவிலேயே நடிக்கலாம். இஃது அதன் சிறப்பு.

கூத்தின் வழி அனைவர்க்கும் பொதுவானது. ஆடவரும் பெண்டிரும், உடையவரும் இல்லாதவரும் ஒரே பெரிய உருவத்தைக் காண்கின்றனர். இதற்காகும் பணத்தை ஊரார் தலைக்கட்டு வரியாகவும் நன்கொடையாகவும் திரட்டுகின்றனர். ஆனால், பணத்தால் அளக்க இயலாத ஒரு செலவும் உண்டு. அதனைக் கலைஞரே ஏற்கிறார். கட்டைகளின் சுமையோடு இரவு முழுவதும் ஆட வேண்டும். கடைசி மனிதர்க்கும் கேட்கும் வண்ணம் குரலை உயர்த்த வேண்டும். விடியலில் ஒப்பனை கலைக்கும்போது தோளில் கயிறு அழுந்திய தழும்பு இருக்கும், குரல் கம்மியிருக்கும். காண்பவர் சுமக்க வேண்டிய கருவியைக் கூத்தர் தம் உடலில் சுமக்கிறார்.

'மிகை நடிப்பு' என்றும் 'வெற்றுக் கூச்சல்' என்றும் கூத்தினை இழித்துரைத்தோர் உண்டு. அவர்கள் அதனை முன்வரிசையில் அமர்ந்து கண்டவராதல் வேண்டும். கடைசி வரிசையில் நின்று கண்டால், அம்மிகை ஓர் அறம் என்பது விளங்கும். இதனை உணர்ந்தோரும் இருந்தனர். ந. முத்துசாமி 1977ஆம் ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நாடகத்தின் பயிற்சிக்களமாக்கியது. புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற கூத்தாசிரியர்கள் அதற்குத் துணைநின்றனர்.

இன்றைய களம்

மின்விளக்கும் ஒலிவாங்கியும் கூத்தர்க்குத் துணையாக வந்தன. அவற்றால் குரலின் சுமை குறைந்தது. எனினும், களத்தின் நடுவே தொங்கும் ஒலிவாங்கியின்கீழ் வந்து நின்று பாட வேண்டியிருப்பதால், சுழன்றாடும் வெளி சுருங்குகிறது. ஒரு தொலைவைக் கடக்க வந்த கருவி மற்றொன்றைக் குறைத்துவிடுகிறது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஓபரா கண்ணாடி உண்டு, அது கைப்பேசி. திரையில் இரு விரல்களை விரித்தால் கூத்தரின் முகம் அருகில் வருகிறது. வாடகையும் இல்லை. ஆலைப் பணியின் இரவு முறையால் திருவிழாவுக்கு வர இயலாத இளைஞரும் அப்பதிவைப் பின்னர்க் கண்டு மகிழலாம். இந்நன்மையை மறுக்க இயலாது. ஆனால், முன்னால் இருப்பவர் உயர்த்திப் பிடிக்கும் கைப்பேசி, பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கிறது. தூணின் நிழல்கூட விழலாகாது என்று விளக்கு வைத்த மரபில் வந்தவர்கள், தம் கையின் நிழல் பிறர்மேல் விழுவதைக் கவனியாதிருத்தல் தகுமா?

கருவி எதுவாயினும், அதனைக் கையாளும் முறையில்தான் பண்பாடு வெளிப்படுகிறது. இலண்டன் பார்வையாளர், கண்ணாடியை அடுத்து வருபவர்க்காக அதன் தாங்கியிலேயே விட்டுச் செல்கிறார். கூத்துக்களத்தில் முன்னே அமர்ந்த பெரியவர், பின்னே நிற்கும் சிறுவனை அழைத்துத் தம் அருகில் இருத்திக்கொள்கிறார். இரண்டும், நமக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவிலிருந்து பிறந்தவை. அந்நினைவு உள்ளவரை கலை கடைசி வரிசையையும் சென்றடையும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் நிகழும் கூத்து, நாடகம் அல்லது பிற நிகழ்கலை ஒன்றனை முன்வரிசையில் இருந்தும் கடைசி வரிசையில் இருந்தும் கண்டு, இரு அனுபவங்களையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. முன்வில்லையின் குவியத் தொலைவு 10 சென்டிமீட்டர், குழிவில்லையின் குவியத் தொலைவு 4 சென்டிமீட்டர் உடைய ஓபரா கண்ணாடியின் உருப்பெருக்கத்தையும் குழல் நீளத்தையும் கணக்கிட்டு, இயற்பியல் வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'தொலைவைக் கடக்கும் செலவைக் காண்பவர் ஏற்பதா, கலைஞர் ஏற்பதா, ஊர் ஏற்பதா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.